கேதாரம் என்னும் திருப்பெயர்

முனிர்காவில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நடந்த சத்சங்கத்தின் முடிவில் ஒரு பெரியவர் கேட்டார்: "சுவாமிஜி, நாற்பது ஆண்டுகளாக டில்லியில் இருக்கிறேன். ஓய்வு பெற்றபின் கேதாரநாத் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது இதய நோய். அவ்வளவு உயரம் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனக்கு அந்தத் தரிசனம் இல்லைதானா?"

திருஞானசம்பந்தரும் கேதாரத்திற்கு நேரில் சென்றதில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். இரண்டாம் திருமுறையிலுள்ள அப்பதிகத்தின் முதற்பாட்டை நோக்குவோம். நான்கு அடிகளிலும் எதுகை ஒலிக்கிறது. ஐம்புலன்களாகிய யானைகளை அடக்கிய தொண்டர்களின் வழிபாடு முதலில் வருகிறது. அதன்பிறகே வண்டின் இசை, மயிலின் ஆட்டம், மான்கன்றின் துள்ளல், மீனின் பாய்ச்சல் ஆகியவை தோன்றுகின்றன. 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட பனிமலையில் மயில் ஏது என்று சிலர் ஐயுறலாம். புலனடக்கம் உடையோர் உள்ளத்தில் காணும் நிலம் அது.

இக்காட்சிகளைச் சொல்லும் வினைகள் எல்லாம் எச்சங்கள். எச்சம் தன்னளவில் நிறைவு பெறாது. முடிக்கும் சொல்லை நோக்கி விரைந்துகொண்டே இருக்கும். அந்த விரைவு, பாட்டின் ஈற்றில் 'கேதாரம்' என்னும் பெயரை அடைந்து அமைதி பெறுகிறது. திருக்கடைக்காப்பு நீங்கலாக, பாட்டுதோறும் இதுவே ஈறு. உலகின் இயக்கமெல்லாம் இறைவனிடம் சென்று ஒடுங்கும் என்று வேதாந்தம் கூறுவதை இங்கே யாப்பே செய்து காட்டுகிறது.

பின்னாளில் சுந்தரரும் கேதாரத்தைப் பாடினார். வாழ்வு மாயம், உடல் மண்ணாவது உறுதி என்றே தொடங்குகிறார். அவர் பாட்டின் ஈற்றிலும் அதே பெயர் வருகிறது. ஆனால் ஒரு கட்டளையோடு வருகிறது: கேதாரம் என்று சொல்லுங்கள்! சம்பந்தர் காட்டிய தலம், சுந்தரர் வாக்கில் நாம் ஓதும் நாமமாகிவிட்டது. மண்ணாகப் போகும் உடல் மலையேற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நாவு சொல்ல வேண்டும் என்றே கேட்கிறார்.

இதைக் கேட்டபின்னும் பெரியவரின் வருத்தம் முழுதும் நீங்கியதாகத் தெரியவில்லை. ஆயினும் அன்றிரவு எங்களோடு பதிகத்தை ஓதினார். ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் அவர் குரலே உரத்து ஒலித்தது.

அன்பர்களே, நாள்தோறும் ஒரு பாட்டேனும் ஓதுங்கள். ஈற்றுச் சொல்லுக்குமுன் ஒரு கணம் நின்று, ஐந்து யானைகளும் அடங்கினவா என்று பாருங்கள். பிறகு அப்பெயரைச் சொல்லுங்கள்.