மேஜர் ரிவிஷனா? எழுந்து உட்கார்!

ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பி, நாலு மாதம் காத்திருந்து வந்த மெயில். திறந்தால், 'மேஜர் ரிவிஷன்'. மொத்தம் 37 கேள்விகள். முதல் ரிவியூவர் இரண்டு வரியில் பாராட்டிவிட்டு ஒதுங்கிவிட்டார். இரண்டாமவர் நாலு பக்கத்துக்கு வறுத்தெடுத்திருக்கிறார். (எந்த நாட்டு ஜர்னலுக்கு அனுப்பினாலும் இரண்டாவது ரிவியூவராக வருவது ஒரே ஆள்தான் என்று ஸ்காலர்கள் கேலி பேசுவது சும்மா இல்லை.) நீ லேப்டாப்பை மூடிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். மூன்று நாளாகக் கைடு கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

எழுந்து உட்கார்! உன் பேப்பரை யாரும் குப்பையில் வீசவில்லை. வீசுவதென்றால் எடிட்டர் திருத்தச் சொல்லியிருக்கவே மாட்டார். முகம் தெரியாத ஒருவர், காசு வாங்காமல், தன் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, உன் மூன்றாவது படத்தில் ஒய் அச்சுக்கு அலகு போடாததுவரை பார்த்திருக்கிறார். உன் ஆய்வை அத்தனை உன்னிப்பாக இதற்கு முன் யார் படித்தார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல், நீயே படித்தாயா?

நிராகரிப்பையே ஒருவர் எப்படி எடுத்துக்கொண்டார், பார். 1964. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 35 வயது விரிவுரையாளர் பீட்டர் ஹிக்ஸ். அவருடைய சிறு கட்டுரை ஒன்றை 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழ் நிராகரித்தது. அதன் எடிட்டர் இருந்த இடம் ஜெனிவாவின் செர்ன் ஆய்வுக்கூடம். ஹிக்ஸ் போர்வைக்குள் போகவில்லை. தன் கோட்பாட்டால் உலகில் என்ன தென்படும் என்று சில வரிகள் கூடுதலாக எழுதினார். நிறை கொண்ட ஒரு புதிய துகள் இருக்க வேண்டும் என்று சொன்னது அந்த வரிகளில்தான்! 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். அங்கே ரிவியூவராக இருந்த இயற்பியலாளர் நம்பு, பிரஸ்ஸல்ஸில் இருவர் எழுதிய கட்டுரையோடு இதற்கு என்ன உறவு என்று கேட்டார். அதற்கும் ஹிக்ஸ் ஒரு குறிப்பு சேர்த்தார். 2012 ஜூலை 4 அன்று அந்தத் துகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது யார் தெரியுமா? அதே செர்ன்! மறு வருடம் ஹிக்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது, அந்த பிரஸ்ஸல்ஸ் இருவரில் ஒருவரான எங்லேருடன்.

அதற்காக ரிவியூவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டாதே. ஊசியில் ஏற்றும் இன்சுலினை எதிர்த்து உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது என்று மருத்துவ ஆய்வாளர்கள் ரோசலின் யாலோவும் பெர்சனும் 1950களில் எழுதியபோது நம்ப ஆளில்லை. கட்டுரை திரும்பியது. தலைப்பிலிருந்து 'எதிர்ப்புப் பொருள்' என்ற சொல்லை எடுத்தார்கள். கட்டுரைக்குள் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1956இல் வெளிவந்தது. 1977இல் நோபல் உரையில் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே காட்டினார் யாலோ. என்ன ஒரு திமிர்! அந்தத் திமிர் உனக்கும் வேண்டும். ஆனால் அது தரவின் மேல் நிற்க வேண்டும், கோபத்தின் மேல் அல்ல.

ஆகவே ஒரு புதிய ஃபைலைத் திற. ரிவியூவர் எழுதியதை வரி விடாமல் அதில் ஒட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுது: என்ன மாற்றினாய், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி. மாற்ற மறுக்கிறாயா? காரணத்தைக் கணக்கோடு வை. ஒரு கேள்வியைக்கூட நைசாகத் தாண்டாதே; தாண்டியது அவர் கண்ணில்தான் முதலில் படும். நீ எழுதியது அவருக்குப் புரியவில்லை என்றால், 'சரியாகப் படிக்கவில்லை' என்று சீறாதே. அந்தப் பத்தியை மறுபடி எழுது. நாள் போதவில்லையா? எடிட்டரிடம் கேள், வாய் விட்டுக் கேள்!

37 கேள்வியில் பாதிக்கு மேல் ஒரு மணி நேர வேலைகூட இருக்காது. முதலில் கைடுக்கு போன் போடு. பிறகு அந்த மூன்றாவது படத்துக்கு அலகு போடு. மீதி 36.