கடல்மல்லையில் அன்னம் வேண்டிய பெருமான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றாய், அலைகடல் ஓயாது தொழும் பதியாய் விளங்குவது திருக்கடல்மல்லை என்னும் மாமல்லபுரம். முதலாழ்வார் மூவருள் இரண்டாமவரான பூதத்தாழ்வார் குருக்கத்திப் பூவில் அவதரித்ததும், திருமங்கையாழ்வார் பாடிப் பரவியதும் இத்திருப்பதியே. இங்கு எழுந்தருளியுள்ள ஸ்தலசயனப் பெருமாள் தரையிலே பள்ளிகொண்டதற்குத் தலபுராணம் ஒரு வரலாறு கூறுகிறது.

புண்டரீக மஹரிஷி, தாம் பறித்த தாமரை மலர்களைத் திருப்பாற்கடல் நாதனின் திருவடியிலே சேர்க்க விழைந்தார். கடல் வழிமறித்தது. அதனைக் கைகளால் இறைத்து வற்றச் செய்யத் துணிந்தார் முனிவர். அப்போது எம்பெருமான் ஒரு முதியவர் வடிவில் வந்து, தமக்குப் பசிக்கிறது, அன்னம் வேண்டும் என்றார். முனிவர் இறைப்பதை நிறுத்திவிட்டு உணவு தேடிச் சென்றார். திரும்பி வந்தபோது, அத்தாமரைகளைத் தாமே சூடிக்கொண்டு அம்முதியவர் பெருமாளாகத் தரையிலே சயனித்திருந்தார்.

கைங்கரியத்தை இடையில் நிறுத்திப் பசித்தவருக்கு அன்னம் தேடிய பின்னரே முனிவருக்கு தரிசனம் கிட்டியது. ஆகவே உணவைப் பற்றிச் சிந்திப்பதற்கு இத்தலத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை.

மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரி கண்டருளக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அந்நாளில் இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து இதே மணற்பரப்பில் தங்கித் தங்கள் கன்னியம்மனை வழிபடுகின்றனர். அருகே மீனவர் குப்பங்கள், வலைகள் காய்கின்றன, மீனும் உலர்கிறது. ஒருபுறம் துளசி மணம், மறுபுறம் கருவாட்டு மணம். யாத்திரிகரிற் சிலர் இதைக் கண்டு முகஞ்சுளிப்பதும் உண்டு. புலால் உண்ணாமை வைணவனுக்கு நெறிதான்; உண்பவரை இகழ்வதும் அந்நெறியில் அடங்குமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆகார சுத்தி

ஆகாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும். உள்ளம் தூயதானால் பகவானைப் பற்றிய நினைவு நிலைபெறும் என்பது சாந்தோக்கிய உபநிஷத்தின் உபதேசம். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் உணவை மூவகையாகப் பிரிக்கிறான். ஆயுளையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் மகிழ்ச்சியையும் வளர்ப்பது ஸாத்விகம். மிகு காரமும் மிகு உப்பும் மிகு சூடும் உடையது ராஜஸம். பழையதாய், சுவை கெட்டு, நாற்றமடைந்தது தாமஸம். தமிழ் மறையாம் திருக்குறளும் அருளுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்துப் புலால் மறுத்தலை வைத்துள்ளது. அருள் கனிந்தவனுக்கே அம்மறுத்தல் இயல்பாக வரும் என்பது அவ்வரிசையிலேயே விளங்கும்.

பூர்வாசாரியரான வாக்யகாரரின் கருத்தைத் தழுவி எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் பக்திக்கு ஏழு ஸாதனங்களை எடுத்துரைக்கிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் விவேகம் என்பதே தூய உணவால் உடலைத் தூய்மை செய்துகொள்வது. அது முதற்படி, அதன்மேல் இன்னும் ஆறு படிகள் உள. ஐந்தாவதாகிய கல்யாணத்தில் சத்தியம், நேர்மை, தயை, தானம், அஹிம்சை, பிறர் பொருளை விரும்பாமை ஆகியன அடங்கும். முதற்படியில் ஏறி நின்றுகொண்டு, தயை என்னும் படியை மிதியாமலே மாடம் அடைந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை.

ஆசாரியர் வாழ்ந்து காட்டியது

உணவுத் தோஷங்களுள் ஆச்ரய தோஷம் என்பதும் ஒன்று. அன்னம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. இதனைப் பிறப்பின் தாழ்வாகப் பொருள் கொண்டு மயங்கினோர் முற்காலத்தில் பலர். 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார் எங்ஙனம் கொண்டார் என்பதைக் குருபரம்பரை காட்டுகிறது. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் அந்தணர் குலத்தவர் அல்லர். ஆயினும் அவர் அமுது செய்த சேஷத்தை உண்ணும் பேற்றை இராமாநுசர் விரும்பினார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து அமுது செய்து போனார். தேவிகளான தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடியும் விட்டார். திரும்பி வந்த இராமாநுசர் தம் பேறு கைநழுவியது கண்டு வருந்தினார். தூய்மை பேணுவதாக நினைத்தே ஒரு பாகவதர் அவமதிக்கப்பட்டார் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

இன்னும் முன்னே போனால் கங்கைக்கரையில் குகன் நிற்கிறான். கம்பர் காவியத்தில் அவன் இராமபிரானுக்குக் கொண்டு வந்த காணிக்கை தேனும் மீனும். தவக்கோலம் பூண்ட பெருமான் மீனை உண்ணவில்லை. ஆனால் அருவருக்கவும் இல்லை. அன்பொடு வந்தமையால் அது தூயதே, உண்டதற்கு ஒப்பே என்று முறுவலித்து ஏற்றருளினான். தன் விரதத்தையும் கைவிடாமல், கொடுத்தவன் மனத்தையும் நோகவிடாமல் நடந்துகொண்ட அப்பண்பைத் திருமங்கையாழ்வார் திருவரங்கத்துப் பெருமானிடம் நினைந்துருகிப் பாடினார். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, மீனவப் பெருமக்கள் அவரைத் தங்கள் குலத்து மாப்பிள்ளை என்றே வரவேற்கின்றனர்.

உடல் நலம்

மரக்கறி உணவின் நன்மையை இக்கால மருத்துவமும் பலவாறு எடுத்துரைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையிலும், ஆடு மாடு முதலியவற்றின் சிவந்த இறைச்சியை அநேகமாக விளைவிக்கக் கூடியவற்றின் வரிசையிலும் சேர்த்தது. மீன் பற்றி அம்முடிவு எதுவும் கூறவில்லை. மீன் புரதமும் இதயத்துக்கு உகந்த கொழுப்பும் உடையது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

புலால் விலக்கிய ஒன்றே உடலைக் காத்துவிடும் என்பதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடி எனக் கணித்தது. அவர்களில் மரக்கறி உண்போரும் உளர். தீட்டிய அரிசியை மிகுதியாக உண்டு, வடையும் அப்பளமும் ஊறுகாயும் இனிப்பும் சேர்த்துக்கொண்டு, ஸாத்விக உணவு உண்பதாகக் கருதுவது தன்னை ஏமாற்றிக்கொள்வதே.

கோயில் மடைப்பள்ளியின் வெண்பொங்கலை நோக்குக. அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு நிறைவு செய்கிறது; பருப்பில் குறைவதை அரிசி ஈடு செய்கிறது. சுண்டலும் கீரையும் இரும்புச் சத்து தருவன. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் உடல் அதனை நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ பருகினால் அவ்வேற்பு குறையும். பாலையும் தயிரையும்கூட விலக்கும் நனிசைவ நெறி இன்று இளைஞரிடையே பரவி வருகிறது. கன்றின் பங்கைப் பறிக்கலாகாது என்னும் இரக்கம் அதன் வேர். அது போற்றத்தக்கது. ஆயினும் பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவிலிருந்து போதுமான அளவு கிடைப்பதில்லை. அது குறைந்தால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். எனவே அந்நெறியினர், சிறப்பாகக் கருவுற்ற தாய்மார், மருத்துவரைக் கலந்து அச்சத்தைத் தனியே உட்கொள்ளுதல் இன்றியமையாதது. உடலும் எம்பெருமானுடைய சொத்தாகையால் அதனை வாட்டுவது விரதமாகாது.

ஊர் நலம்

புரட்டாசி பிறந்தால் தமிழகமெங்கும் குலபேதமின்றி எண்ணற்ற குடும்பங்கள் பெருமாளுக்காகப் புலாலை விலக்குகின்றன. இறைச்சிக் கடைகளில் கூட்டம் குறைகிறது. நாமக்கல்லில் முட்டை விலையும் இறங்குவதுண்டு. அரசாணையாலோ அச்சுறுத்தலாலோ இது நிகழ்வதில்லை. அவரவர் அன்பினால் நிகழ்கிறது. ஆனால் புலால் உண்போருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று நகரங்களில் கதவடைக்கும்போது, அதே விரதம் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் கருவியாகிவிடுகிறது.

1982-ஆம் ஆண்டு விரிவுபெற்ற சத்துணவுத் திட்டத்தில் பிற்பாடு முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. இரு குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றன. தன் குழந்தைக்கு வாழைப்பழம் கேட்க வைணவருக்கு உரிமை உண்டு. மெலிந்த பிறர் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லுதல் ஜீவகாருண்யத்தில் சேராது.

ஜீவகாருண்யம் இலையோடு முடிவதும் இல்லை. இதே செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் ஏரிக்கு வரும் பறவைகளை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு அளித்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் வரலாற்றில் பேசப்படுபவரும் அவரே. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. உயிரைக் காத்தவர்க்கு நெல் விளைந்தது. அவ்வூரார் அனைவரும் புலால் மறுத்தவர் என்று எவரும் கூறுவதில்லை. ஆயினும் அஹிம்சையில் அவர்கள் பலருக்கு ஆசிரியர்கள். கடலிலும் ஒரு நோன்பு உண்டு. மீன்கள் இனம் பெருகும் பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருவாயை இழந்து அக்குடும்பங்கள் காக்கும் இந்நோன்பு எளியதன்று.

யாத்திரிகர் மேற்கொள்ளத்தக்கவை

புலால் மறுத்தவர்கள் அதனை எம்பெருமான் திருவுள்ளத்துக்கு உகப்பாகத் தொடர்ந்து காப்பார்களாக. அதனால் செருக்கு அடையாதிருப்பார்களாக. புரட்டாசி மட்டும் விலக்குவோர், விலக்கிய நாட்களில் மிச்சமான பொருளில் ஒரு பகுதியைத் ததீயாராதனத்துக்கோ அன்னதானத்துக்கோ அளிப்பார்களாக. விலக்க இயலாதோர், தமக்குக் கோயில் வாயில் அடைபட்டதென்று எண்ண வேண்டா. குகனை உடன்பிறந்தவனாகக் கொண்ட பெருமானே இங்கும் எழுந்தருளியிருக்கிறான். பிரசாதம் பெற்றவர் அதனை வீணாக்காமல், இலைகளையும் ஞெகிழிப் பைகளையும் கடலில் எறியாமல், அருகே பசித்திருப்பவர் எவரேனும் உளரா என்று நோக்கிப் பகிர்ந்துண்பார்களாக. முதியவர் ஒருவர் அன்னம் கேட்டால், அவர் யார், எக்குலம் என்று வினவுதல் இத்தலத்தில் ஆகாது.

ஸ்தலசயனப் பெருமாள் திருவடிகளே சரணம்.