பெட்டிக்குள் ஒரு தம்புரா

ஊர் ஊராகப் போகும் செல்லோ கலைஞர் பலர் விமானத்தில் இரண்டு டிக்கெட் வாங்குகிறார்கள். ஒன்று தமக்கு, மற்றொன்று வாத்தியத்துக்கு. நம் பாடகர்களின் பாடு தம்புராவோடு. பலாமரக் குடம் ரயிலில் ஒரு இடி வாங்கினால் போதும், விரிசல்தான்.

பெங்களூருப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயணுக்கு இந்த அவஸ்தை புரிந்திருக்கும். அவர் புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979-இல் அவர் உருவாக்கிய மின்னணுத் தம்புரா, தோள்பையில் அடங்கியது. அவருடைய 'ராடெல்' பெட்டி வீடுகளின் பூஜையறை வரை வந்தது. இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செயலியே செய்துவிடுகிறது.

அசல் தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல் உண்டு. ஜீவா என்பார்கள். அதை மயிரிழை நகர்த்தினால் நாதம் மலரும், இன்னும் நகர்த்தினால் மங்கும். அந்த இடத்தைத் தேடியே காது பழகியது. பெட்டியிலோ குமிழைத் திருகினால் சுருதி தயார். எனக்கென்னவோ அந்தத் தேடலையும் சாதகத்தில்தான் சேர்க்கத் தோன்றுகிறது. மேடையில் இப்போதெல்லாம் தம்புராவும் இருக்கிறது, அதன் காலடியில் பெட்டியும் முனகிக்கொண்டிருக்கிறது.