மௌனம் பொய்யாகுமா?

இல்லாததைச் சொல்லுதல் பொய் என்பதை யாவரும் ஒப்புவர். உள்ளதைச் சொல்லாதிருத்தலும் பொய்தானா என்று வினவினால், கற்றோரும் சற்றுத் தயங்குவர். இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் பதினேழு வயதுப் பிள்ளைகள் பலர் இதற்கு விடைகாண வேண்டியவராயிருக்கின்றனர்.

அந்நாட்டிலே காலேஜ் போர்டு என்னும் சங்கம் 1955-ம் ஆண்டில் பொறுப்பேற்ற ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மெண்ட்’ என்னும் பரீட்சைமுறை ஒன்றுண்டு. உயர்தரப் பள்ளியில் இருக்கும்போதே கலாசாலைத் தரத்துப் பாடங்களைக் கற்று, மே மாதத்தில் பரீட்சை எழுதும் மாணாக்கர்க்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படும். 3 பெற்றவர் தகுதியுடையவர் என்பது அச்சங்கத்தின் கணிப்பு. ஆயினும் 4 அல்லது 5 பெற்றால்தான் பாடவிலக்கு அளிப்போம் என்னும் கலாசாலைகளும் உள. இடம்வேண்டி விண்ணப்பிக்கும்போது இவ்வெண்களைத் தெரிவிப்பதோ பெரும்பாலும் மாணாக்கரின் விருப்பத்திற்கே விடப்பட்டிருக்கிறது. 5 பெற்றவர் தெரிவிப்பார், ஐயமில்லை. 2 பெற்றவர் யாது செய்வது?

மறைப்பது வஞ்சகம் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதோம். மௌனத்தின் தன்மை, கேட்கப்பட்ட கேள்வியைப் பொறுத்தது. ‘விரும்பினால் தெரிவிக்க’ என்று கேட்பவரே கூறிவிட்டபின், தெரிவியாதவர் எவரையும் ஏமாற்றினாரல்லர். அப்பாடத்தைக் கற்ற செய்தி பள்ளிப் பதிவேட்டில் இருக்கவே இருக்கிறது. எண்ணைக் காணாதவர் காரணத்தை ஊகித்துக்கொள்ளத் தடையுமில்லை.

‘எழுதிய அனைத்தையும் தெரிவிக்க’ என்னும் விதியிருப்பின் நிலைமை வேறாகிறது. யேல் சர்வகலாசாலை 2024-ம் ஆண்டில் அறிவித்த முறைப்படி, எஸ்.ஏ.டி. முதலிய பரீட்சைகளுக்குப் பதிலாக இவ்வெண்களைக் காட்ட விரும்புவோர், அதுவரை எழுதிய எல்லாப் பாடங்களின் எண்களையும் காட்டவேண்டும். அங்கே ஒன்றை ஒளித்தல் பொய்யேயாம். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும். நிர்வாகி கேளாத ஏட்டை எடுத்துச் சென்று காட்டாதிருத்தல் குற்றமன்று. அவர் கேட்ட செக்ரோலில் ஒரு பெயரை விட்டுவிடுதல் குற்றம்.

இத்துடன் வினா முடிந்ததா? முடியவில்லை. வாய்மையை அதனால் விளையும் தீமையைக் கொண்டும் அளக்கவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இம்மௌனத்தால் தீங்குறுவோர் யாவர்? செல்வர் பிள்ளைக்கு எந்த எண்ணைக் காட்டலாம், எதை விடலாம் என்று சொல்லித்தரப் பள்ளியிலும் வீட்டிலும் ஆளுண்டு. ஏழைப் பிள்ளைக்கு அத்துணை இல்லை. இத்தகைய பாடங்கள் அரிதாயுள்ள பள்ளியில் 3 பெற்ற பிள்ளை, அதை இழிவென்று நாணி மறைத்துவிடுகிறது. விண்ணப்பத்தைப் பள்ளியின் நிலைமையோடு சேர்த்து நோக்கும் கலாசாலைகள் பல. அவற்றின் கண்ணுக்கு அந்த 3 பெருமையாகவே தோன்றியிருத்தல் கூடும். அப்பிள்ளை பிறரை வஞ்சிக்கவில்லை. தனக்குரியதைத் தானே இழந்தது.

எனவே, குற்றம் மௌனஞ் சாதிக்கும் பிள்ளையிடத்தன்று, ‘உன் விருப்பம்’ என்று சொல்லி அவ்விருப்பத்தின் பயனைச் சொல்லாதுவிடும் விதியிடத்தே உளது. யாவரும் காட்டுக என்றேனும், எவரும் காட்டவேண்டா என்றேனும், கலாசாலைகள் வெளிப்படையாய் விதித்தல் வேண்டும். அதுகாறும் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: கேட்டால் ஒளியாதீர், கேளாவிடின், நாணத்தால் முடிவு செய்யாது, விவரமறிந்த ஆசிரியர் ஒருவரிடமேனும் உசாவி முடிவு செய்யுங்கள்.