தெரியாது என்று சொல்வது

தை பிறந்தால் திண்டுக்கல்–பழனி சாலையில் இரவு பகல் பார்க்காமல் பாதயாத்திரைக் கூட்டம் போகும். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகளும் நத்தம், திண்டுக்கல் வழியாக இந்தச் சாலைக்குத்தான் வந்து சேர்கின்றன. சாலையிலிருந்து சற்று உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. இங்கே பிறந்தவனிடம் யாரும் சாமி உண்டா இல்லையா என்று கேட்பதில்லை. "இந்த வருசம் நடக்கலையா?" என்றுதான் கேட்பார்கள். நடந்தால் பக்தன், நடக்காவிட்டால் கருப்புச்சட்டைக்காரன். இந்த இரண்டுக்கும் வெளியே ஒருவன் இருக்க முடியும் என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போது ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அக்னாஸ்டிக் என்பது அந்தச் சொல்.

அதை உண்டாக்கியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக மேடை மேடையாக வாதாடிய உயிரியலாளர். 1869இல் லண்டனில் தொடங்கிய மெட்டாபிசிகல் சொசைட்டியில் பாதிரியார்களும் தத்துவவாதிகளும் கூடிப் பேசினார்கள். ஆளுக்கொரு கொள்கைப் பெயர் இருந்த அந்தச் சபையில் தனக்கு மட்டும் பெயர் இல்லை என்று பட்டு, அவர் இதை உருவாக்கிக்கொண்டார். கடவுளின் ரகசியமெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பழைய கிறித்தவப் பிரிவினருக்கு நாஸ்டிக்குகள் என்று பெயர். அதற்கு எதிர்ப்பதமாக, தெரியாது என்று ஒப்புக்கொள்பவன்.

சொல் பிறந்தது அந்தச் சபையை ஒட்டித்தான். ஆனால் அதன் வேர் ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாவில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். 1860 செப்டம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான். நான்கு வயதுகூட நிரம்பவில்லை. நண்பரும் பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி, ஆன்மா அழியாது, மறுமை உண்டு என்று ஆறுதல் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி கோபப்படவில்லை, நீண்ட பதில் எழுதினார். "ஆன்மா அழியாது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நம்புவதற்குச் சான்று தெரியவில்லை, பொய் என்று நிரூபிக்கவும் வழி இல்லை" என்பதுதான் அதன் சாரம். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தகப்பன், "நம்புகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வலியைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஆசை சான்றாகாது என்று நின்றுவிட்டார். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சொல்லை லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று அதை லேசாகத்தான் புழங்குகிறோம். வாக்குவாதம் வேண்டாம் என்றால் "நான் அக்னாஸ்டிக்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பக்திக்கும் நாத்திகத்துக்கும் நடுவில் வசதியாகப் போட்ட நாற்காலி போல ஆகிவிட்டது அது. ஹக்ஸ்லி சொன்னது நடுநிலை அல்ல, ஓர் ஒழுக்கம்: அறிவு கொண்டுபோகும் தூரம்வரை போ, நிரூபிக்கப்படாததை உறுதியானது என்று பாவனை செய்யாதே. இது பக்தரையும் கேட்கும், நாத்திகரையும் கேட்கும். நம்பிக்கை வேறு, அறிதல் வேறு. கடவுளை நம்பிக்கொண்டே "ஆனால் எனக்குத் தெரியாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை.

இதைப் போன்ற ஓர் அடக்கத்தை எங்கள் பக்கத்திலும் பார்க்கலாம். பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டி அருகில் ஐவர்மலை இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் பாண்டவர் ஐவரையும் திரௌபதி அம்மனையும் சொல்லிக் கும்பிடுகிறார்கள். பாறை நெற்றியில் வரிசையாக இருப்பவையோ சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். வரகுண பாண்டியன் காலத்தில், 870ஆம் ஆண்டில், சாந்திவீரக் குரவர் என்ற துறவி அங்கே பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சமணர்களின் தர்க்கத்தில் எந்தக் கூற்றுக்கும் முன்னால் "ஒருவகையில்" என்று சேர்த்துச் சொல்லும் முறை உண்டு. ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்ல இயலாது என்று ஏழு விதமாகப் போகும். ஹக்ஸ்லியின் நிலையும் இதுவும் ஒன்றல்ல. அவர் அறிவின் எல்லையைச் சொன்னார், இவர்கள் ஒவ்வொரு பார்வைக்கும் உள்ள எல்லையைச் சொன்னார்கள். ஆனாலும் தன் உறுதியைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இந்த மலைகளுக்கு அந்நியம் இல்லை என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

ஒரு தைப்பூசத்தில் நீர்மோர்ப் பந்தலில் நின்றபோது அத்தை பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இருக்குன்னாவது சொல்லு, இல்லன்னாவது சொல்லு."

"எனக்குத் தெரியல அத்தை."

"தெரியாமயா மோர் ஊத்திக்கிட்டு நிக்கிற?"

"நடந்து வர்றவுகளுக்குத் தாகம்னு தெரியுதே அத்தை."

அத்தைக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை, ஏனென்றால் அதைவிடக் கடினமான இடங்கள் உண்டு. பேத்திக்குக் காய்ச்சல் விட்டால் பழனியில் முடி இறக்குவதாக என் அம்மா நேர்ந்துகொண்டார். குழந்தையை மடியில் வைத்து மொட்டை போட உட்கார்ந்தவன் நான்தான். அது அம்மாவின் வேண்டுதல், அதை நிறைவேற்றுவது மகனின் கடமை. அதில் பொய் ஏதும் இல்லை. "முருகன்தான் காப்பாத்துனான்னு சொல்லுப்பா" என்று அவர் கேட்டபோது மட்டும் நான் பேசாமல் இருந்தேன். அம்மாவின் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. நேர்மைக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு நம்மை நேசிப்பவர்கள் தலையில் விழுகிறது. இதற்கு என்னிடம் தீர்வு கிடையாது.

ஆனால் தெரியாது என்று சொல்லக் கூடாத இடமும் இருக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் பாம்புக்கடி புதிதல்ல. கடிபட்டவரை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் உண்டு. மந்திரித்துப் பிழைத்தவர்களைக் கைநீட்டிக் காட்டுவார்கள். கடிக்கிற பாம்பெல்லாம் நஞ்சுள்ளதல்ல. நஞ்சுப் பாம்பும் சில சமயம் நஞ்சை இறக்காமல் கடிக்கும். பிழைத்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் போடுகிறார்கள். இது நமக்குத் தெரியும். மந்திரம் பலிக்குமா என்று அந்த நேரத்தில் யாராவது என்னைக் கேட்டால், பலிக்காது என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் கட்டைவைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றுவேன்.