தரமும் தரையும்

வெகுஜனக் கலாச்சாரத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுகள் வழக்கத்தில் இருக்கின்றன. சினிமாப் பாட்டு, திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா, பட்டிமன்றம் எல்லாமே ரசனையை மழுங்கடிக்கும் வியாபாரச் சரக்கு என்பது ஒன்று. லட்சக்கணக்கான ஜனங்கள் அனுபவிக்கும் ஒன்றைப் பழிப்பது மேட்டிமைத்தனம், அதில் மக்களின் கனவு இருக்கிறது என்பது மற்றது. முன்னவர்கள் படைப்பின் தரத்தைப் பார்க்கிறார்கள். பின்னவர்கள் கூட்டத்தின் அளவைப் பார்க்கிறார்கள். கூட்டம் எப்படி உட்கார்ந்திருக்கிறது, யார் பக்கத்தில் யார் உட்கார முடிந்தது, யார் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார்கள் என்று இருவருமே கேட்பதில்லை. ஒரு சிறு நகரத்தின் அன்றாட சந்தோஷங்களை மதிப்பிட முனையும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்று எனக்குப் படுகிறது. பவானியை வைத்துக்கொண்டு இதை யோசிக்கலாம்.

1

பவானியைப் பார்த்திராதவர்களுக்கும் பவானி ஜமக்காளத்தைத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணியின் போட்டியைச் சமாளிக்க, இங்கிருந்த ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் முரட்டுச் சாய நூலில் பட்டை பட்டையான விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள். சேலை நெய்த தறிகள் விரிப்புக்கு மாறின. கைத்தறிக்கு மட்டும் உரியவை என்று 1985 சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டமும் குறியீடும் இருந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் குறைவின்றி விற்கின்றன. குழித்தறியில் உட்கார இளைஞர்கள் வருவதில்லை.

நெய்கிறவர் கால்களைக் குழிக்குள் விட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறார். நெய்தது மற்றவர்கள் உட்காருவதற்காக எங்கெங்கோ போகிறது. கச்சேரி, கட்சிக் கூட்டம், கல்யாணப் பந்தி முடிந்த பிறகான சீட்டாட்டம், எழவு வீட்டில் துக்கம் கேட்கும் திண்ணை என்று தமிழர்கள் கூடிக் கேட்டதிலும் பேசியதிலும் பெரும்பகுதி இந்த மாதிரியான விரிப்பின் மேல்தான் நடந்திருக்கிறது. பாடியவரைப் பற்றி எழுதியிருக்கிறோம், பேசியவரைப் பற்றி எழுதியிருக்கிறோம். விரிப்பைப் பற்றி எழுதும்போது அது கைவினைப் பொருளாகி விடுகிறது. அதன் மேல் நடந்தது விட்டுப் போகிறது.

விரித்த ஜமக்காளத்தில் எல்லோரும் உட்காரவில்லை. அதன் ஓரம் ஊரின் ஓரமாகவும் இருந்தது. பஞ்சாயத்தில் ஜமக்காளத்தின் மேல் இருந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வெறும் மண்ணில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். உடுக்கடித்து இரவுகள் பல நீளும் அண்ணன்மார் கதையைக் கேட்க ஊரும் வந்தது, சேரியும் வந்தது. ஒரே குரலைக் கேட்டார்கள், ஒரே இடத்தில் அழுதார்கள். உட்கார்ந்த இடம் வேறு. நாட்டார் கலையின் வேரைப் பற்றி உருகி எழுதுகிற கட்டுரைகளில் இந்த இடைவெளி எத்தனை முழம் என்று யாரும் அளந்து சொல்வதில்லை.

2

கூடுதுறையில், காவிரியும் பவானியும் சேரும் இடத்தில், சங்கமேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே இன்றும் தினந்தோறும் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ ஒரு மழையிரவில் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனாள். அவன் வெளியேறியதும் கட்டிடம் இடிந்து விழுந்தது. சிறுமி மறைந்து போனாள். வந்தது வேதநாயகி அம்மன்தான் என்று நம்பிய துரை, 1804இல் அம்மனுக்குத் தந்தக் கட்டில் ஒன்று செய்து கொடுத்தான். அந்நியன் உள்ளே வர முடியாதாகையால், வெளியில் நின்றே அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளைகள் போட்டுக் கொடுத்தார்களாம். கட்டில் இருக்கிறது, துளைகளையும் காட்டுகிறார்கள்.

இந்தக் கதை ஜனங்களுக்குப் பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை. தெய்வம் வேற்று மதத்தானுக்கும் இரங்கியது. அதிகாரம் தெய்வத்தின் முன் தலைவணங்கியது. கதை என்ற அளவில் அழகானதுதான். ஆனால் அதே மதிலுக்கு வெளியே, துரைக்கு முன்னும் பின்னும் பல தலைமுறைகளாக நின்ற உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சென்னை மாகாணக் கோயில் வாசல்கள் சட்டப்படி திறக்க 1947 ஆயிற்று. அவர்களுக்காக யாரும் சுவரில் துளை போட்டதாகக் கதை கிடையாது. நல்ல கதை ஒன்று தன்னுடைய நல்லதனத்தாலேயே எதை மறைக்க முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம். கேட்கிறவன் மனம் நெகிழ்கிறது. நெகிழ்ந்த மனம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

3

இப்போது சினிமாவுக்கு வரலாம். டூரிங் டாக்கீஸ் மண்தரையில் நடந்த ஒரு சம்பவம் நம் விமர்சகர்கள் பலருடைய கண்ணில் படவில்லை, கா. சிவத்தம்பி கண்ணில் பட்டது. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளிவந்த அவருடைய சிறு ஆங்கில நூலில், தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்கிறார்; அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்கிறார். தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயும் படிகள் உண்டு. எல்லா ஊரிலும் அது தடையின்றி நடந்துவிடவும் இல்லை. காசு மோசமான நீதிபதிதான். ஆனால் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் சாதி கேட்கவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த கொங்கு நாட்டில், அந்தக் குவளையில் குடித்தவனும் அதைத் தொடாதவனும் தோளோடு தோள் இடிக்க மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரே கதாநாயகனுக்கு விசில் அடித்தார்கள். திரையில் ஓடிய படம் அபத்தமானதாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் சினிமாவைக் கொண்டாடிவிட்டு எழுந்துவிடலாம். கோபிசெட்டிபாளையத்துச் சுற்றுவட்டாரத்தின் வயலும் வாய்க்காலும் தமிழ்ச் சினிமாவின் ‘கிராமம்’ ஆகி வெகுநாளாயிற்று. அதன் தொடர்ச்சியாகக் கொங்குப் பேச்சும் பஞ்சாயத்தும் திரைக்கு வந்தன. 1992இல் ‘சின்னக் கவுண்டர்’, 1994இல் ‘நாட்டாமை’. ஆலமரம், சொம்பு, ஜமக்காளம் ஆகிய மூன்றும் தமிழர்களின் பொதுச் சொத்தானது இப்படிப்பட்ட படங்களால்தான். இன்று அவை நகைச்சுவைப் பொருள்களாகி விட்டன என்றாலும், அன்று கூட்டம் மெய்சிலிர்த்தது தீர்ப்புச் சொல்கிற பெரிய வீட்டுக்காரனின் தர்மத்தைக் கண்டு. கொட்டகை தரையில் கலைத்த வரிசையைத் திரை மறுபடி அடுக்கிக் காட்டியது. சமமாக உட்கார்ந்தவர்கள் சமமின்மைக்குக் கைதட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இதே வட்டாரத்தில் கிடைக்கிறது. வள்ளி கும்மி சமீப ஆண்டுகளில் கொங்கு நாடு முழுவதும் பெரும் எழுச்சி பெற்றிருக்கிறது. ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த முதிய கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது எளிய காரியமில்லை. வேலை முடிந்து வந்த பெண்கள் இரவில் ஊர்ப் பொதுவிடத்தில் கூடி, கால் பிசகாமல் பாடி ஆடுவது சினிமா பார்ப்பதைவிட மேலான அனுபவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உடம்பும் குரலும் தங்களுடையவை. ஆனால் சில அரங்கேற்ற மேடைகளில் சாதிப் பெருமையும், சொந்த சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற உபதேசமும் சேர்ந்துகொண்டது பொதுவெளியில் விவாதமாயிற்று. ஆடுகிற கதை என்ன? தினைப்புனம் காத்த குறத்தியை ஒரு தேவன் தேடிவந்து காதலித்துக் கைப்பிடித்த கதை. மேடையில் எல்லை மீறல், தரையில் எல்லைக் கோடு. வள்ளியை ஆடிய பெண்ணிடம், நீ வள்ளியாகி விடாதே என்று சொல்லப்படுகிறது.

4

கொட்டகையில் தரை நியாயமாக இருந்து மேடை பொய் சொன்னது. கும்மியில் மேடை உண்மை சொல்லி, தரை சில இடங்களில் அதை மறுத்தது. இரண்டையும் ஒரே மதிப்பீட்டுக்குள் கொண்டுவர முயல்கிறபோதுதான் நமது விமர்சனம் தடுமாறுகிறது. முற்போக்காளர் தரையைக் காட்டிப் படத்தின் அபத்தத்தை மன்னிக்கச் சொல்கிறார். தூய கலைவாதி மேடையைக் காட்டித் தரையின் அநீதியை மறக்கச் சொல்கிறார். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த தவறு. ஒருவர் கணக்கில் இருக்கும் வரவை எடுத்து இன்னொருவர் கடனில் கட்ட முடியாது. இரண்டு கணக்குகளையும் தனித்தனியே எழுதி, இரண்டின் பாக்கியையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

கலையைச் சமூகவியலாக்குகிறேன் என்று ஆட்சேபம் வரலாம். கவிதையின் தரம் அதை யார் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் தனிக் கணக்கு என்கிறேன். ஆனால் கூடி அனுபவிக்கும் சந்தோஷம் ஒரு ரசனை விஷயம் மட்டுமல்ல, ஒரு செயலும்கூட. என் பக்கத்தில் இருப்பவனின் சிரிப்பு என் சிரிப்பைக் கூட்டுகிறது. அந்த இடத்தில் ஒருவன் இருக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டுச் சிரிக்கிறேன் என்றால், என் சிரிப்பில் அந்த ஏற்பாடும் இருக்கிறது.

இன்று கல்யாண மண்டபங்களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. ஜமக்காளம் மறைகிறதே என்று வருந்துகிறவர்கள், நாற்காலி ஒரு பழைய சங்கடத்தைச் சத்தமில்லாமல் தீர்த்ததையும் சொல்ல வேண்டும். அதில் யாரும் யாரையும் எழுந்திரு என்று சொல்வதில்லை. அதே நாற்காலி குழித்தறிக்காரரின் பிழைப்பில் கைவைத்தது. ஒருவருக்குக் கிடைத்த மரியாதை இன்னொருவருக்கு வேலை நஷ்டமாக வந்தது. எந்த அழகியலும் இந்த நஷ்டத்தை ஈடுகட்டாது. கௌரவமான கூலிதான் ஈடு. கைபேசியில் தரையே கிடையாது. அவரவர் அவரவர் கையைப் பார்த்துச் சிரிக்கிறோம். பக்கத்தில் யாருமில்லாததால் யாரையும் விலக்க வேண்டிய அவசியமும் நேருவதில்லை. இதைச் சமத்துவம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பவானியில் மாசி மாதம் செல்லியாண்டியம்மன் திருவிழாவில் ஜனங்கள் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு தெருவில் வருகிறார்கள். சேற்றுக்குள் யார் யாரென்று தெரிவதில்லை. குளித்த பிறகு அவரவர் தெருவுக்குப் போகிறார்கள். இதைப் பார்த்து மக்கள் கலையின் மகத்துவம் என்று எழுதுவதும் சுலபம், ஒருநாள் கூத்து என்று ஒதுக்குவதும் சுலபம். குளித்துவிட்டு யார் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்து எழுதுகிற விமர்சனம் நமக்கு இன்னும் வரவில்லை. முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைகளும் ஒருவகை விரிப்புகள்தாம் என்பதால், அப்படி எழுதத் தொடங்குகிறவர்கள் நம்மிடமிருந்தே தொடங்கலாம்: இதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று.