காலி இடத்தின் சொந்தக்காரர்

பார்க்கிங் டிக்கெட்டை எதிர்த்து எழுதும் கடிதங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். "அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன்" என்பது ஒன்று. "அப்போ அங்க வேற யாருமே இல்லை" என்பது இன்னொன்று. நான் வசிக்கும் கலிஃபோர்னியா ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரருக்கு என்று பலதும் எழுதியிருக்கிறேன். அவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை, மாற்றுத்திறனாளிகளுக்கான நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்தி டிக்கெட் வாங்கியவர்கள் எழுதச் சொன்ன கடிதங்கள்.

சாதாரண டிக்கெட் என்றால் யோசனையே வேண்டாம். மீட்டர் தீர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். தெரு கூட்டும் நாள் மறந்து போயிருக்கும். அது நகராட்சிக்கும் வண்டிக்காரருக்கும் உள்ள கணக்கு. நீலக் கட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். யாருக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டதோ, அவர். அவர் கடிதம் எழுதுவதில்லை, விசாரணைக்கும் வருவதில்லை. அவர் இல்லாதபோது அவருடைய இடத்தைப் பற்றி நாம் வாதாடுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் இந்த அபராதம் முதல் தடவைக்கு 250 டாலரில் தொடங்குகிறது. மூன்றாவது தடவை 1,000 டாலர் வரை போகலாம். எதிர்க்க விரும்புகிறவர் டிக்கெட் கிடைத்த 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே தோற்றால் நிர்வாக விசாரணை கேட்கலாம். ஆனால் அபராதத் தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்; கட்ட வசதியில்லை என்று காட்டினால் விலக்கு உண்டு. அதிலும் தோற்றால் 30 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். டிக்கெட் எழுதிய அதிகாரி விசாரணைக்கு வரவேண்டிய கட்டாயமில்லை. முறையாக எழுதப்பட்ட டிக்கெட்டே முதல்நோக்குச் சாட்சியம். அதை உடைக்கும் பொறுப்பு நம்முடையது.

அந்தக் கட்டமும் ஏதோ பெயிண்ட் அடித்துவிட்டுப் போன இடமில்லை. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, 25 வண்டிகள் வரை நிற்கும் வளாகத்தில் இப்படி ஓர் இடம் இருக்க வேண்டும். 26 முதல் 50 வரை என்றால் இரண்டு. கட்டத்தின் அகலம் 8 அடி. அதை ஒட்டிச் சாய்கோடுகள் போட்ட பட்டை குறைந்தது 5 அடி. இந்தப் பட்டையில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவார்கள். "அது ஸ்பாட்டே இல்லையே, சும்மா கோடுதானே போட்டிருக்கு" என்பார்கள். கதவை முழுசாகத் திறந்து, வீல்சேரை இறக்கி, உடம்பை அதற்கு மாற்றிக்கொள்வதற்கான இடம் அது. அங்கே ஒரு வண்டி நின்றால், ஏற்கெனவே கடைக்குள் போனவர் திரும்பி வந்து தன் வண்டியிலேயே ஏற முடியாது.

இனி "யாருமே இல்லை" என்ற வாக்கியத்துக்கு வருவோம். பெரும்பாலும் அது பொய்யில்லை. சொல்பவர் பார்த்தபோது யாரும் இல்லைதான். ஆனால் தனக்கான இடத்தில் வேறு வண்டி நிற்பதைப் பார்க்கும் வீல்சேர்க்காரர் என்ன செய்வார்? இறங்கி வந்து சண்டை போடமாட்டார். இறங்க முடியாது என்பதுதானே பிரச்சினை. ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வந்துபோனதற்கு எந்தத் தடயமும் இருக்காது. பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து அனுப்பிவிடுவதே இந்தத் தவறின் இயல்பு. பிறகு அவர் அங்கே இல்லாததையே நமக்குச் சாட்சியாகக் காட்டுகிறோம்.

சரி, நிஜமாகவே யாரும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்பா? தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில், ஒழுக்கக் கணக்குப் போடும்போது நாம் செய்யும் ஐந்து பிழைகளைப் பற்றி ஒரு பகுதி எழுதியிருக்கிறார். என் செயலின் விளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, ஆகவே அதில் தவறில்லை என்று நினைப்பது அவற்றில் ஒன்று. பலர் சேர்ந்து என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார். நீலக் கட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஐந்தே நிமிடம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு பேர். நாள் முழுக்கக் கட்டம் நிறைந்திருக்கும். ஒருவர்கூட ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருக்கமாட்டார்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே "அங்கே இடம் இருக்கும்" என்று நம்ப முடிந்தால்தான் ஒருவர் கிளம்பவே செய்வார். தீயணைப்பு வண்டி நாள் முழுக்கச் சும்மா நிற்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. அதுபோலத்தான், காலியாக இருக்கும்போதும் அந்தக் கட்டம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் இந்த டிக்கெட்டை எதிர்க்கவே கூடாதா? அப்படியும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு நுரையீரல் நோய். இருபது அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. மருத்துவர் சான்றோடு வாங்கிய நீல அட்டை அவரிடம் உண்டு; கார்க் கண்ணாடியில் மாட்டுகிற அந்த அட்டையைத்தான் இங்கே பிளக்கார்டு என்கிறார்கள். ஒருநாள் அது நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டது, டிக்கெட் வந்துவிட்டது. "போகட்டும்ப்பா, கட்டிடலாம். நான் போய் நின்னா, பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்கன்னு கேப்பாங்க" என்றார்.

கட்டவேண்டிய பணத்தைவிட அந்தக் கேள்விதான் அவருக்குப் பாரமாக இருந்தது. பார்வைக்குத் தெரியாத நோயோடு வாழ்கிறவர்கள் ஒவ்வொரு வாகன நிறுத்தத்திலும் பிறர் கண்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டிக்கெட்டைப் பேசாமல் கட்டியிருந்தால், அந்தப் பார்வை சரிதான் என்று ஒப்புக்கொண்டது போலாகியிருக்கும். டிக்கெட் எழுதப்பட்ட நாளில் செல்லுபடியாகும் அட்டை தன்னிடம் இருந்ததைக் காட்டினால், அபராதத்துக்குப் பதிலாக 25 டாலருக்கு மேற்படாத கட்டணத்தோடு டிக்கெட்டை ரத்துசெய்ய கலிஃபோர்னியா சட்டம் இடம் தருகிறது. அரைப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். ரத்தானது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இந்த வாதம் ஜெயித்தால் அந்த இடம் என்ன ஆகும்? அம்மாவின் வாதம் ஜெயித்தால் அந்த இடம் அவருக்கு இன்னும் உறுதியாகிறது. "அஞ்சு நிமிஷம்தான்" ஜெயித்தால் அது எல்லோருடைய இடமாகிவிடும். "பெயிண்ட் அழிஞ்சிருந்தது, போர்டும் இல்லை" என்கிற வாதத்தை வக்கீல் தந்திரம் என்று முன்பு நினைத்ததுண்டு. நிஜமாகவே அழிந்திருந்தால் அது நல்ல வாதம். அது ஜெயித்தால் யாராவது வந்து பெயிண்ட் அடித்துப் போர்டு வைக்க வேண்டியிருக்கும். அடுத்து வருகிறவருக்கு அது நல்லது. நெஞ்சைத் தொடுகிற வாதம் இடத்தைக் கரைத்துவிடலாம். வறட்டுத் தொழில்நுட்ப வாதம் அதைக் காப்பாற்றலாம்.

இந்த அளவுகோலுக்கு வந்த சோதனை மதுரைக்கார நண்பரின் டிக்கெட். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எழுபத்தெட்டு வயது அப்பா கூடவே இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. அவர் பெயரில் நீல அட்டை உண்டு. நண்பர் வேலை முடிந்து வரும்போது மருந்துக்கடை நீலக் கட்டத்தில் நிறுத்தி, அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வரும்போது அதிகாரி நின்றிருந்தார். அட்டைக்கு உரியவர் எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றதும் டிக்கெட். இதற்கும் அபராதம் 250 டாலரில் தொடங்கி 1,000 வரை போகலாம்; அட்டையைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. இவரிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்பாவுக்கு மருந்து வாங்கத்தானேண்ணே போனேன்? எனக்கா போனேன்? அவர் தனியா கெடக்காரு, சீக்கிரம் வரணும்னுதான் அங்க போட்டேன். அப்படியே எழுதுங்கண்ணே."

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்பாவுக்கு நலம் என்பதற்காகக் கொடுத்த சலுகை அப்பாவின் நலத்துக்காகவே பயன்பட்டிருக்கிறது. நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பாதான் பேசினார். பேச்சு கொஞ்சம் குழறும். "ரேஷன் கார்டுன்னு நெனச்சுட்டான் தம்பி. வீட்ல யாரு போனாலும் அரிசி போடுவாங்கள்ல, அந்த மாதிரி." சற்று நிறுத்தி, "என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா டிக்கெட்டே வந்திருக்காது. நான் வெளிய போயி மூணு வாரமாச்சு" என்றார்.

குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் மகன் முகம் மாறிவிட்டது.

ரேஷன் கார்டு குடும்ப அட்டை. கார்டில் பெயர் உள்ள யார் போய் வாங்கினாலும், அரிசி வீட்டுக்கு வந்தால் போதும். நமக்கு உரிமை என்பது பெரும்பாலும் இப்படித்தான் பழக்கம். நீல அட்டை ஓர் உடம்புக்குக் கொடுக்கப்பட்டது. வண்டிக்குக்கூட இல்லை, அவர் யார் வண்டியில் ஏறினாலும் கூடவே போகும். மருந்து வீடு வந்து சேர்வதற்காக என்றால் அந்த இடமே தேவையில்லை. கைகால் நன்றாக இருக்கிற மகன் எங்கே நிறுத்தினாலும் நடந்து போய் வாங்கிவிடுவார். அப்பா மருந்துக்கடைக்குப் போய், தன் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி, அப்படியே நாலு மனிதரைப் பார்த்துவிட்டு வருவதற்கான இடம் அது.

இந்த எண்ணம் வலுப்பெற்றது கலிஃபோர்னியாவில்தான். எட் ராபர்ட்ஸுக்குப் பதினான்கு வயதில் போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே அநேகமாக எதுவும் அசையாது. உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லிப் பள்ளி அவருக்கு டிப்ளமா தர மறுத்தது. அம்மா ஸோனா சண்டை போட்டு வாங்கிக்கொடுத்தார். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் எட். 1972இல் அதே ஊரில் தொடங்கப்பட்ட சுதந்திர வாழ்வு மையத்தின் முன்னோடி அவர். 'பாவம், வீட்டிலேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற அன்பிலிருந்து வெளியே வருவதற்கான இயக்கம் அது. குடும்பத்தை எதிர்த்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஸோனா குடும்பம்தான். அவர் போராடியது மகனின் வேலையைத் தானே செய்து முடிப்பதற்காக அல்ல, மகன் வெளியே போவதற்காக.

நண்பருக்கு அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அவருடைய வாதம் ஜெயித்தால் நீல அட்டை குடும்பச் சொத்தாகிவிடும். அப்பா வீட்டில் இருக்க, அவர் இடம் ஊரெல்லாம் சுற்றிவரும். இதைச் சொன்னேன். "நீங்களும் அவங்க மாதிரியே பேசுறீங்கண்ணே" என்றார். தானே எழுதி அனுப்பினார்; நிராகரிக்கப்பட்டது. அடுத்த கட்டத்துக்குப் போகாமல் பணத்தைக் கட்டிவிட்டார். சில மாதங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பக்கவாதம் வந்த ஒருவரைத் தூக்கி உட்கார வைத்து, செருப்பு மாட்டி, வண்டியில் ஏற்றி இறக்கிக் கூட்டிப்போய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிற மகனுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? நீலக் கட்டம் இதற்குப் பதில் சொல்வதில்லை. பார்த்துக்கொள்கிறவர்களின் களைப்பு யார் கணக்கிலும் வருவதில்லை. வேலையில் கூடுதல் விடுப்பு, மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் வசதி, மாலையில் இரண்டு மணி நேரம் துணைக்கு ஓர் ஆள் என்று அவர்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அப்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருவேன். ஆனால் அதை மகன் தன் பெயரில், தனக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும். அப்பாவின் பெயரால் எடுத்துக்கொண்டால், குறைவது அப்பாவுக்கு இருக்கிற இடம்தான்.